1903: முன் கண்ணாடிக்கு வந்த இரண்டு யோசனைகள்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)



வடகிழக்குப் பருவமழை நெருங்குது. சென்னையில் இந்த சீசன் வந்தாலே நாம பேசுறது மூணே விஷயம். ஸ்கூல் லீவு விடுவாங்களா? எந்த சப்வேயில் தண்ணி நிக்குது? காரை எங்கே ஏத்தி நிறுத்துறது? மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையா நிறுத்தியிருந்த படங்களை எல்லாரும் பார்த்திருப்பீங்க.

இன்னைக்கு அந்தக் காரில் இருக்கிற ஒரே ஒரு பொருளோட வரலாறு. கண்ணாடி. அதன் வழியாகத்தான் எல்லாத்தையும் பார்க்கிறோம், அதனாலேயே அதை நாம பார்க்கிறது இல்லை.

ஒரு கார் கண்ணாடிக்கு மூணு வேலை இருக்கு. முதலில் அது ஜன்னல்: வெளியே என்ன இருக்குன்னு காட்டணும். ரெண்டாவது அது சுவர்: காற்று, மழை, கல் எதுவும் உள்ளே வரக்கூடாது, மோதினால் நாமும் வெளியே போய் விழக்கூடாது. மூணாவது, யாரும் யோசிக்காத வேலை: சில நேரம் அது கதவு. வண்டி தண்ணீரில் மாட்டினால் வெளியே வர வேற வழி இருக்காது.

இந்த மூணு வேலையும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். நல்ல சுவரா இருந்தா நல்ல கதவா இருக்காது. கார் கண்ணாடியோட நூறு வருஷ வரலாறுங்கிறது இந்தச் சண்டையோட வரலாறுதான். இதில் முதல் ரெண்டு வேலைக்குமான விடை ஒரே வருஷத்தில், 1903ல், ரெண்டு வேற ஊர்களில், ஒருத்தரை ஒருத்தர் தெரியாத ரெண்டு பேருக்குக் கிடைச்சுது. ஆனா அந்த விடைகள் சாதாரண ஆட்கள் ஓட்டுற வண்டிக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆச்சு? அதுதான் இன்றைய கதை.

ஜன்னல்

1902-03 குளிர்காலம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து பர்மிங்ஹாம் நகரிலிருந்து மேரி ஆண்டர்சன் என்ற பெண் நியூயார்க்குக்கு வருகிறார். அவர் எஞ்சினியர் இல்லை. ஊரில் அடுக்குமாடி வீடு கட்டி வாடகைக்கு விட்டவர், கலிபோர்னியாவில் பண்ணையும் திராட்சைத் தோட்டமும் நடத்தியவர்.

நியூயார்க்கில் அவர் டிராமில் போகிறார். வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டுகிறது. டிராமின் முன் கண்ணாடியில் பனி அப்பிக்கொள்கிறது. டிரைவர் என்ன செய்கிறார்? கண்ணாடியின் ஒரு பாதியைத் திறந்து வைத்துக்கொண்டு, முகத்தில் பனி அடிக்க அடிக்க ஓட்டுகிறார். உள்ளே இருக்கிற எல்லாருக்கும் குளிர். அது அன்றைக்கு வழக்கமான ஏற்பாடு, யாருக்கும் அதில் விசேஷமா எதுவும் தோணலை.

ஆண்டர்சனுக்குத் தோணிச்சு. வண்டிக்கு உள்ளே ஒரு கைப்பிடி, வெளியே ரப்பர் பட்டை வைத்த ஒரு கை. உள்ளே இருந்தபடியே இழுத்தால் வெளியே துடைக்கும். பட்டை கண்ணாடியை விட்டு விலகாமல் அழுத்திப் பிடிக்க ஒரு எடை. குளிர்காலம் முடிந்தால் கழற்றி வைத்துவிடலாம். 1903 ஜூனில் விண்ணப்பித்தார், அதே ஆண்டு நவம்பர் 10ல் காப்புரிமை கிடைத்தது. 17 வருட உரிமை.

1905ல் கனடாவில் ஒரு நிறுவனத்திடம் இதை விற்கப் பார்க்கிறார். வணிக ரீதியா இதுக்குப் பெரிய மதிப்பில்லைன்னு பதில் வருது. இப்ப கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனா அவங்க இடத்தில் இருந்து பாருங்க. 1905ல் ரோட்டில் கார்களே அபூர்வம். ஃபோர்டின் மாடல் டி வருவதே 1908ல்தான். பல கார்களில் முன் கண்ணாடியே கிடையாது, ஓட்டுகிறவர் பெரிய கண்ணாடி மாட்டிக்கொண்டு தூசியைத் தின்றபடி போவார். கண்ணாடி வந்த பிறகும் அது கிடைமட்டமாக ரெண்டு துண்டா இருக்கும். மேல் பாதி அழுக்கானால் மடக்கிவிட்டு, அதுக்கு மேலே எட்டிப் பார்த்து ஓட்ட வேண்டியதுதான்.

ஆண்டர்சனின் உரிமை 1920ல் காலாவதி ஆனது. கேடிலாக் நிறுவனம் எல்லாக் கார்களிலும் வைப்பரைக் கட்டாய உறுப்பாக்கியது 1922ல். ரெண்டே வருஷ இடைவெளி. அவருக்கு ஒரு பைசா வரவில்லை. நடுவில், 1917ல், சார்லட் பிரிட்ஜ்வுட் என்ற இன்னொரு பெண் மின்சாரத்தில் ஓடும், உருளை வைத்த துடைப்பானுக்குக் காப்புரிமை வாங்கினார். மௌனப்பட நட்சத்திரம் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸின் அம்மா இவர். அவருக்கும் அதில் காசு வரவில்லை.

காசு வந்தது யாருக்கு? நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரில் ஜான் ஓய்ஷை என்று ஒரு தியேட்டர் மேலாளர். மழை இரவில் கார் ஓட்டிப் போகும்போது கண்ணாடி வழியே எதுவும் தெரியாமல் ஒரு சைக்கிள்காரர் மேல் மோதிவிட்டார். அவருக்குப் பெரிய காயமில்லை. ஆனால் ஓய்ஷை அதை மறக்கவில்லை. கையால் இழுத்துத் துடைக்கிற ஒரு ரப்பர் பட்டையை விற்க ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் டிரைக்கோ என்ற பெரிய வைப்பர் நிறுவனம்.

இங்கே ஒரு விசித்திரம். கைக்குப் பதிலா எஞ்சினே வைப்பரை இழுக்கட்டும்னு ஒரு முறை வந்தது. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தை ஒரு குழாய் வழியே எடுத்து வைப்பருக்குக் கொடுப்பாங்க. மலிவு, எளிமை. ஒரே ஒரு பிரச்சினை: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அந்த வெற்றிடம் குறையும், வைப்பர் சோம்பிப் போகும். அதாவது மேடு ஏறும்போதும், லாரியை ஓவர்டேக் பண்ணும்போதும், சரியா அந்த நேரத்தில் வைப்பர் நின்று நின்று நகரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். ரெண்டு நொடி கண்ணாடி மங்கினால் 33 மீட்டர் குருட்டுப் பயணம். இதை வைத்துக்கொண்டு 1960கள் வரைக்கும் அமெரிக்காவில் ஏராளமானவர்கள் ஓட்டியிருக்கிறார்கள். மின் மோட்டார் வைப்பர் அப்பவே இருந்தது. விலைதான் தடை.

சரி, தூறல் போடும்போது வைப்பர் ஒரு தடவை துடைத்துவிட்டுக் கொஞ்சம் நிற்கும் பாருங்க, அதுக்கும் ஒரு கதை இருக்கு. டெட்ராய்ட்டில் ராபர்ட் கியர்ன்ஸ் என்று ஒரு எஞ்சினியரிங் ஆசிரியர். 1953ல் கல்யாண இரவில் ஷாம்பெயின் பாட்டிலின் கார்க் தெறித்து அவரது இடது கண்ணின் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. பிறகு ஒரு மழைநாளில் கார் ஓட்டும்போது யோசிக்கிறார்: கண் இமை ஓயாமல் அடிப்பதில்லையே, தேவைப்படும்போது ஒரு தடவை அடித்துவிட்டு நிற்கிறதே, வைப்பர் ஏன் அப்படி இருக்கக்கூடாது? ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், ஒரு மாறும் மின்தடை, அவ்வளவுதான் சர்க்யூட். 1963ல் ஃபோர்டு நிறுவனத்துக்குக் காட்டினார். 1967ல் காப்புரிமை. 1969ல் ஃபோர்டு தன் கார்களில் இந்த வகை வைப்பரைக் கொண்டுவந்தது, அவர் இல்லாமல். 1978ல் வழக்குப் போட்டார். 1990ல் முடிவு: நடுவர் குழு காப்புரிமை மீறல் நடந்தது, ஆனால் வேண்டுமென்றே இல்லை என்றது. 1.02 கோடி டாலர் கிடைத்தது. கிறைஸ்லர் மேல் போட்ட வழக்கிலும் ஜெயித்தார். 'ஃப்ளாஷ் ஆஃப் ஜீனியஸ்' என்று 2008ல் படமாகவே வந்தது.

சுவர்

இப்ப பாரிஸ் போவோம். அதே 1903.

எட்வார் பெனடிக்டஸ் ஓவியர், அலங்கார வடிவமைப்பாளர், கூடவே வேதியியல்காரர். ஆய்வுக்கூடத்தில் ஏணியில் ஏறி அலமாரியில் எதையோ எடுக்கும்போது ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுகிறது. உடைகிற சத்தம் கேட்கிறது. குனிந்து பார்த்தால் குடுவை முழுக்க விரிசல், ஆனா வடிவம் அப்படியே இருக்கு. துண்டுகள் சிதறவில்லை. அந்தக் குடுவையில் எப்பவோ செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் இருந்திருக்கு. அது ஆவியாகி, உட்புறம் முழுக்க ஒரு மெல்லிய தோல் மாதிரி படிந்திருக்கு. அந்தத் தோல்தான் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. இது அவரே பின்னாளில் சொன்ன கதை.

அப்போது அதை வெறும் ஆச்சரியமாகக் குறித்து வைத்துவிட்டார். பாரிஸில் கார் விபத்துகளில் கண்ணாடி கிழித்து ஆட்கள் காயப்படுகிற செய்திகளைப் படித்த பிறகுதான் குடுவை ஞாபகம் வருகிறது. ரெண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒரு செல்லுலாய்டு தாள், சாண்ட்விச் மாதிரி. மூன்று அடுக்கு என்பதால் 'டிரிப்ளெக்ஸ்' என்று பேர். 1909ல் காப்புரிமை. இன்றைக்கு நாம 'லாமினேட்டட் கிளாஸ்' என்று சொல்வது இதன் வாரிசுதான்.

கார் கம்பெனிகள் ஓடிவந்து வாங்கினாங்களா? இல்லை. விலை அதிகம். இன்னொரு குறை, வெயில் பட்டால் நடுத் தாள் மஞ்சளாகும். முதலில் பெரிய அளவில் வாங்கியது ராணுவம். முதல் உலகப் போரில் விஷவாயு முகமூடிகளின் கண் பகுதிக்கு இந்தக் கண்ணாடி போனது. சிப்பாயின் கண்ணைக் காக்கக் கிடைத்த பொருள் காரோட்டியின் கண்ணைக் காக்க இன்னும் பத்து வருஷம் காத்திருந்தது. 1927 டிசம்பரில் ஃபோர்டு தன் மாடல் ஏ காரில் லாமினேட்டட் முன் கண்ணாடியைப் பொருத்திய பிறகுதான் அது சாதாரண ஆட்கள் வாங்கும் வண்டிக்கு வந்தது.

வந்த உடனே ஒரு வழக்கும் வந்தது. சட்டம் படிக்கிறவங்க இதைக் கவனிங்க. 1930ல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒருவர் மாடல் ஏ கார் வாங்கினார். உடைந்து சிதறாத கண்ணாடி என்று கம்பெனி விளம்பரப் புத்தகத்தில் போட்டிருந்தது. சில மாதம் கழித்து ஸ்னோகுவால்மி கணவாயில் போகும்போது, எதிரே கடந்த வண்டியிலிருந்து ஒரு சின்னக் கல் தெறித்து முன் கண்ணாடியில் பட்டது. கண்ணாடித் துகள் அவரது இடது கண்ணில் பாய்ந்து, கண்ணே போய்விட்டது. கம்பெனியின் வாதம்: உங்களுக்கு விற்றது டீலர், எங்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தமே இல்லையே. 1932ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வாங்குகிறவர் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத ஒரு குணம் பொருளில் இருக்கிறதாக நீ விளம்பரம் செய்தால், அதை நம்பி வாங்கியவருக்கு நீயே பொறுப்பு என்றது. இன்றைய நுகர்வோர் உரிமைச் சட்டம் நடந்து வந்த பாதையில் இந்தக் கல்லுக்கும் ஒரு இடம் உண்டு.

அடுத்த முன்னேற்றம் நடுத் தாளில். மஞ்சளாகிற செல்லுலாய்டு போய், 1930களின் கடைசியில் பிவிபி என்ற ரப்பர் மாதிரி இழுபடும் பிளாஸ்டிக் வந்தது. கண்ணாடி சிதறுவது கிட்டத்தட்ட நின்றது. ஆனால் அதில் ஒரு கொடூரம் ஒளிந்திருந்தது. சீட் பெல்ட் இல்லாத காலம். மோதலில் தலை கண்ணாடியில் இடிக்கும். தாள் மெல்லிசு என்பதால் தலை அதைக் கிழித்துக்கொண்டு வெளியே போகும், திரும்பி வரும்போது கழுத்தைச் சுற்றிக் கண்ணாடி விளிம்பு. முகமும் கழுத்தும் கிழிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் ஏராளம். தீர்வு என்ன தெரியுமா? நடுத் தாளின் தடிமனை 0.38 மில்லிமீட்டரிலிருந்து 0.76 ஆக்கினார்கள், அதோடு கண்ணாடியில் அது ஒட்டும் பிடிப்பையும் கொஞ்சம் தளர்த்தினார்கள். தலை பட்டால் தாள் கிழியாமல் வலை மாதிரி வளைந்து கொடுக்கும். அமெரிக்கக் கார்களில் இது வந்தது 1966 மாடல்களில்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1903லிருந்து 63 வருஷம். கடைசியில் தேவைப்பட்டது அரை மில்லிமீட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக்.

நம்ம ஊருக்கு? இந்தியாவில் முன் கண்ணாடி லாமினேட்டடாகத்தான் இருக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகளில் திருத்தம் வந்தது 1993ல். அதுக்கும் மூன்று வருஷ அவகாசம். அதுக்கு முன்னாடி நிறைய வண்டிகளில் முன்னாலும் இருந்தது டெம்பர்டு கண்ணாடி, அதாவது கடினமாக்கப்பட்ட ஒற்றைக் கண்ணாடி. அப்பா, தாத்தா யாராவது பழைய அம்பாசடர் ஓட்டியிருந்தால் கேட்டுப் பாருங்க. ஒரு கல் பட்டால் போதும், முழுக் கண்ணாடியும் ஒரே நொடியில் வெள்ளை வெளேர்னு நொறுங்கிப் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடும். ஓடுகிற வண்டியில் கையால் குத்தி ஓட்டை போட்டு அதன் வழியே பார்த்து ஓரம் கட்டின கதைகள் அந்தத் தலைமுறையிடம் நிறைய இருக்கும்.

ஒரு நாணயம் அளவு

இந்த எபிசோடுக்காக ஜி.பி. ரோடு பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் வேலை செய்துகொண்டிருந்தார். கல் பட்டுச் சின்னதா நட்சத்திரம் மாதிரி விரிந்திருந்த ஒரு முன் கண்ணாடி. "அண்ணா, இதை ஒட்டுறது வெறும் பார்வைக்கா, இல்ல நிஜமாவே பலம் வருமா?"ன்னு கேட்டேன்.

"காத்து உள்ள பூந்திருக்கு தம்பி. காத்தை எடுத்துட்டு மருந்தை உள்ள விடுறோம். காத்து இருந்தா நாளைக்கு ஓடும், மருந்து இருந்தா நின்னுடும்"னார்.

இதைவிடச் சுருக்கமா யாரும் சொல்ல முடியாது. லாமினேட்டட் கண்ணாடியில் கல் பட்டால் பெரும்பாலும் வெளி அடுக்குதான் உடையும். நடுத் தாளும் உள் அடுக்கும் நல்லாவே இருக்கும். அந்த விரிசலில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசின் என்ற பிசினை அழுத்தி உள்ளே விட்டு, புற ஊதா விளக்கில் இறுக வைக்கிறார்கள். பெனடிக்டஸின் சாண்ட்விச் இல்லையென்றால் இந்த ரிப்பேரே கிடையாது. பக்கக் கண்ணாடி டெம்பர்டு என்றால் அதை ஒட்ட முடியாது, உடைந்தால் மொத்தமும் பொடி.

இதில் மழைக்கு என்ன சம்பந்தம்? மழைக்கு முன்னாடி சரி பண்ணிடணும். விரிசலுக்குள் தண்ணியும் சேறும் போய்விட்டால் பிசின் பிடிக்காது. கடைக்குப் போகும் வரை அதன் மேல் ஒரு டிரான்ஸ்பரன்ட் டேப் ஒட்டி வைங்க. வெளியே வெயில், உள்ளே ஏசி என்று ரெண்டு பக்கமும் வேற வேற சூடு இருந்தால் விரிசல் நீளும். நீண்டு போச்சுன்னா, இல்லை டிரைவரின் நேர்ப் பார்வையில் இருக்குன்னா, கண்ணாடியை மாற்றுவதுதான் சரி. மாற்றினால் பசை காய எவ்வளவு நேரம்னு கேட்டு, அவ்வளவு நேரம் வண்டியை எடுக்காதீங்க. பழைய கார்களில் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு அது பசையால் உடம்போடு ஒட்டப்படுகிறது. கூரையைத் தாங்குவதில் அதுக்குப் பங்கு இருக்கு. பல கார்களில் பக்கத்து சீட்டின் ஏர்பேக் விரியும்போது முன் கண்ணாடி மேல் சாய்ந்துதான் ஆளைப் பிடிக்கும். கண்ணாடி பிய்ந்து வந்தால் ஏர்பேக்குக்கு முதுகு இல்லை.

கதவு

இப்ப மூணாவது வேலை. 1903ல் யாருக்கும் தோணாத கேள்வி.

பக்கக் கண்ணாடி ஏன் டெம்பர்டா இருக்கு? இதன் வேர் 17ஆம் நூற்றாண்டில் இருக்கு. உருகிய கண்ணாடிச் சொட்டைத் தண்ணீரில் போட்டால் வால் வைத்த துளி மாதிரி இறுகும். 'இளவரசர் ரூபர்ட்டின் துளி' என்று பேர். தலையில் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, வாலை லேசாக ஒடித்தால் மொத்தமும் தூளாகும். 1660களில் லண்டன் ராயல் சொசைட்டி விஞ்ஞானிகள் இதை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். டெம்பர்டு கண்ணாடியும் அதே தத்துவம்தான். கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர்விப்பாங்க. வெளிப்புறம் அழுந்தி இறுகும், உட்புறம் இழுத்துக்கொண்டிருக்கும். எங்கேயாவது ஒரு புள்ளியில் அந்தச் சமநிலை உடைந்தால் முழுக்கச் சின்னச் சின்ன கட்டிகளாக உதிரும். கூரான துண்டு இருக்காது. அதனால் அவசரத்தில் உடைத்துக்கொண்டு வெளியே வரலாம்.

மழையில் நிரம்பும் சப்வேக்களை நினைச்சுப் பாருங்க. காரைச் சுற்றித் தண்ணீர் ஏறுது. முதலில் கை போவது கதவுக்கு. ஒரு மீட்டர் அகலக் கதவு, வெளியே கதவின் அடியிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர், உள்ளே இன்னும் வரவில்லை என்று வைங்க. அந்தத் தண்ணீர் கதவைத் தள்ளும் விசை கிட்டத்தட்ட 125 கிலோ எடைக்குச் சமம். தண்ணீர் உயர உயர இது இன்னும் வேகமாக ஏறும். கதவு திறக்கலையே என்று போராடும் நேரத்தில்தான் உயிர் போகிறது.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் நிஜக் கார்களைத் தண்ணீரில் இறக்கிப் பல வருஷம் ஆராய்ந்தவர். அவர் சொல்வது: கார் உடனே மூழ்காது, கொஞ்ச நேரம் மிதக்கும். உங்களுக்கு இருப்பது சுமார் ஒரு நிமிஷம். அந்த நிமிஷத்தில் போன் எடுக்கக் கூடாது. வரிசை இதுதான்: சீட் பெல்ட்டைக் கழற்று, ஜன்னலைத் திற, குழந்தைகளை முதலில் வெளியே விட்டு, நீயும் வெளியேறு. ஆரம்ப நிமிஷத்தில் பவர் விண்டோ பெரும்பாலும் வேலை செய்யும். தண்ணீர் கண்ணாடி உயரத்துக்கு வந்துவிட்டால் அந்த அழுத்தத்தில் கண்ணாடியும் இறங்காது.

இறங்கலைன்னா உடைக்கணும். இங்கேதான் சுவரும் கதவும் மோதுது. உருண்டு விழும் கார்களிலிருந்து ஆட்கள் பக்க ஜன்னல் வழியே தூக்கி எறியப்பட்டு இறப்பதைத் தடுக்க, அமெரிக்கா 2011ல் ஒரு விதி கொண்டுவந்தது. அதுக்குப் பல நிறுவனங்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று, பக்கக் கண்ணாடியையும் லாமினேட்டட் ஆக்குவது. சத்தமும் குறையும் என்பதால் இந்தியாவிலும் சில விலை உயர்ந்த மாடல்களில் முன் பக்க ஜன்னல்கள் அப்படி வருது. நல்ல சுவர். ஆனால் 2019ல் அமெரிக்காவின் ஏஏஏ அமைப்பு கடையில் கிடைக்கும் ஆறு கண்ணாடி உடைக்கும் கருவிகளைச் சோதித்தது. டெம்பர்டு கண்ணாடியை நான்கு கருவிகள் உடைத்தன. லாமினேட்டடை ஒன்றுகூட உடைக்கவில்லை.

ஹெட்ரெஸ்ட்டை உருவி உடைக்கலாம்னு வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுத்தும், அது அதுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. ஸ்பிரிங் வைத்த சின்ன பஞ்ச் மாதிரி ஒரு கருவி நம்பகமானது. அதைக் கண்ணாடியின் நடுவில் அழுத்தாமல் மூலையில் அழுத்தணும். டிக்கியில் வைத்தால் பிரயோஜனமில்லை, கைக்கு எட்டுற இடத்தில் இருக்கணும். சுத்தியலைத் தண்ணீருக்குள் வீச முடியாது என்பதையும் நினைவில் வைங்க.

அதனால ஒரு வேலை செய்யுங்க. இன்னைக்கு வண்டியை நிறுத்தினதும், ஒவ்வொரு ஜன்னலின் மூலையிலும் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படிங்க. டெம்பர்டா, லாமினேட்டடா? முன் ஜன்னல் லாமினேட்டடாக இருந்து பின் ஜன்னல் டெம்பர்டாக இருந்தால், உங்கள் அவசர வழி பின்னாடி இருக்கு. அது வண்டியில் ஏறும் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

இந்த மழைக்கு

கடைசியா, கண்ணாடி சம்பந்தப்பட்ட நாலு விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன்.

வைப்பர் ரப்பர் நம்ம வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடு கோடா தண்ணி நின்றால், கரகரன்னு சத்தம் வந்தால், மாத்திடுங்க. பெட்ரோல் டாங்க் நிரப்பும் காசில் ஒரு சின்ன பங்குதான் ஆகும்.

கண்ணாடி உட்புறம் மங்கினால் காரணம் நம்ம மூச்சின் ஈரம். ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வைத்து, முன் கண்ணாடி மேல் காற்றைத் திருப்பினால் தெளியும். சென்னையில் இதன் தலைகீழும் நடக்கும்: ஏசி அதிகமாகி, வெளிப்புறம் பனித்துவிடும். அப்போது வைப்பரை ஒரு தடவை போட்டுவிட்டு ஏசியைக் குறைத்தால் போதும். எந்தப் பக்கம் மங்கியிருக்குன்னு விரலால் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

கறுப்பு ஃபிலிம் விஷயம். விதிப்படி முன், பின் கண்ணாடிகளில் குறைந்தது 70 சதவீத வெளிச்சமும் பக்கத்தில் 50 சதவீதமும் உள்ளே வரணும். ராத்திரி மழையில், ஹெல்மெட் கண்ணாடி நனைந்து தடுமாறி வருகிற ஒரு பைக்காரர் உங்கள் பக்கக் கண்ணாடியில் தெரிகிறாரா இல்லையா என்பது அந்த எண்ணில்தான் இருக்கு.

அப்புறம், ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டுப் போகாதீங்க. நீங்க திரும்பப் போறது பின்னாடி வர்றவருக்குத் தெரியாமல் போகும். லோ பீம் போதும். அதிலும் தெரியலைன்னா ரோட்டை விட்டு விலகி ஒரு பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்க. சப்வேயில் தண்ணி எவ்வளவு ஆழம்னு தெரியலைன்னா இறங்காதீங்க, திரும்பிப் போங்க.

மேரி ஆண்டர்சன் 1953ல் இறந்தார். 2011ல், இறந்து 58 வருஷம் கழித்து, அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் அரங்கில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். அன்றைக்கு டிராமில் இருந்த அத்தனை பேரும் அந்த டிரைவர் படும் பாட்டைப் பார்த்தார்கள். இது இப்படித்தான் இருக்கணுமான்னு கேட்டது அவர் ஒருத்தர்தான். மழையில் ஒவ்வொரு தடவை அந்த ரப்பர் பட்டை போய்விட்டு வரும்போதும் நம்ம கண் முன்னால் ஓடுறது அந்தக் கேள்விதான்.

இந்த எபிசோடை மழையில் கார் ஓட்டுகிற யாருக்காவது அனுப்புங்க. ஓட்டிக்கிட்டே கேட்க வேண்டாம்னு சொல்லியே அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.